வட்ட முனை எழுத்துகளும் ரங்கூன் போர்டுகளும்

ரங்கூனில் பபிள் டீ கடை, போன் கவர் விற்கிற கடை, குழந்தைகளுக்கான பல் கிளினிக், வாஷிங் மெஷின்களை வரிசையாக வைத்திருக்கிற சலவைக்கடை என்று எதை எடுத்தாலும் ஆங்கிலப் பெயர் மட்டும் ஒரே சாயலில் இருக்கிறது. கோடு முழுக்க ஒரே தடிமன், செரிஃப் என்கிற குட்டி நுனிக்கோடு கிடையாது, ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் நறுக்கென்று வெட்டாமல் அரைவட்டமாக உருட்டி விட்டிருப்பார்கள். ரவுண்டட் சான்ஸ் செரிஃப் என்பது தொழில் பெயர். நான் வட்ட முனை என்பேன், கடைக்கு வருகிறவர்கள் "அந்தக் குண்டு எழுத்து" என்பார்கள். வினைல் பேனர் (இந்தியாவில் ஃபிளெக்ஸ் என்கிறார்களே அதுதான், இங்கே எல்லாருக்கும் வினைல்), கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் என்று பர்மியம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுத்துக் கோத்துப் பிழைக்கிறவன் நான், அதனால் இந்தக் குண்டு எழுத்தோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்துக்கு வைப்பது ஐந்து நிமிட வேலை. அதன் அடியிலேயே தமிழும் இதே மாதிரி வேண்டும் என்று கேட்பார்கள் பாருங்கள், அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான்: தமிழ் எழுத்துக்கு முனையை உருட்டலாம், மூலையை உருட்டக் கூடாது. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டுதான் முக்கால்வாசிப் பேர் சொதப்புகிறார்கள். இலஸ்ட்ரேட்டர் என்ற வரைகிற சாஃப்ட்வேரில் வேலை செய்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும், ஸ்ட்ரோக் பேனலில் கேப் என்று ஒன்று, ஜாயின் என்று ஒன்று, இரண்டுக்கும் தனித்தனி பட்டன் இருக்கிறது. கோடு முடிகிற இடத்துக்குக் கேப், கோடு திரும்புகிற இடத்துக்கு ஜாயின். ஆங்கிலத்தில் இரண்டையும் ரவுண்டு என்று வைத்துவிட்டாலும் எழுத்து எழுத்தாகவே இருக்கும். தமிழில் அப்படி இல்லை.

இந்த வட்டம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். பலரும் நினைப்பதுபோல இது செல்போன் காலத்து ஃபேஷன் கிடையாது. கருவி போட்ட தடம் அது. உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் எழுத்துச் செதுக்குகிற பழைய இயந்திரங்களில் சுழல்கிற கத்தி ஒன்று இருக்கும், அச்சில் உள்ள எழுத்தின் பள்ளத்தை ஒரு குச்சி தொட்டுக்கொண்டே போக, அந்தக் கத்தி அதே பாதையில் பொருளைக் குடையும். சுழல்கிற கத்தி உருண்டையாகத்தான் குடையும், ஆகவே கோட்டின் தொடக்கமும் முடிவும் தானாக அரைவட்டம் ஆகிவிடும். கார்ட்டன் என்ற அமெரிக்க இயந்திரத்தின் எழுத்து இப்படித்தான் லிஃப்ட் பட்டன்களிலும் கண்ட்ரோல் பேனல்களிலும் பழைய கீபோர்டுகளிலும் பல பத்தாண்டுகளாக உட்கார்ந்திருந்தது, யாரும் அதை ஒரு எழுத்துரு என்றுகூட மதித்ததில்லை. அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் மரப்பலகையில் குடைந்த எழுத்துக்கும் இதே கதை. இன்ஜினியரிங் டிராயிங் படித்தவர்கள் ஸ்டென்சில் தகட்டை வைத்து மைப் பேனாவால் எழுதிய எழுத்தை நினைத்துப் பாருங்கள், குழாய் போன்ற நிப், அதனால் வட்ட முனை. நியான் விளக்குக்கும் அப்படியே, கண்ணாடிக் குழாய்க்குச் சதுர முனை ஏது?

இப்படிக் கருவி தானாகப் போட்ட வட்டத்தை, வேண்டுமென்றே வரைந்த அழகாக மாற்றியது பிறகுதான் பரவலானது. ஹெல்வெட்டிகா என்ற பிரபலமான ஆங்கில எழுத்துருவுக்கு 1978-ல் ஒரு ரவுண்டட் வடிவம் வந்தது. அடுத்த வருடம் ஃபோக்ஸ்வாகன் தன் டீலர்களின் போர்டு, விளம்பரம் எல்லாவற்றுக்கும் ஒரே முகம் வேண்டும் என்று வி.ஏ.ஜி. ரவுண்டட் என்பதைச் செய்ய வைத்தது. வரைந்த குழுவில் ஜெரி பார்னி இருந்தார், பிரிட்டிஷ் ரயில்வேயின் இரட்டை அம்புக்குறியைப் போட்ட அதே ஆள்தான். கார் விற்பதற்கு வந்த எழுத்து கடைசியில் ஆப்பிள் கீபோர்டில் போய் உட்கார்ந்தது. 2015-ல் வந்த மெல்லிய மேக்புக்கில் சான் ஃபிரான்சிஸ்கோ என்ற தன் சொந்த எழுத்துருவுக்கு மாற்றும்வரை பல வருடம் ஆப்பிள் லேப்டாப் பட்டன்களில் நம் விரலுக்கு அடியில் இருந்தது அதுதான். அந்தச் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் ஒரு ரவுண்டட் வடிவம் உண்டு, ஆப்பிள் வாட்ச்சில் தெரிகிற எண்களைப் பாருங்கள். இலவசமாகக் கிடைப்பவற்றில் நுனிடோ, வரேலா ரவுண்ட், குவிக்சாண்ட், கம்ஃபர்டா எல்லாம் இந்த ஜாதி. ஏரியல் ரவுண்டடைச் சொல்லவே வேண்டாம், ஆபீஸ் போட்ட கம்ப்யூட்டர் எங்கே இருந்தாலும் அதுவும் இருக்கும், எங்கள் ஊர் டியூஷன் சென்டர் நோட்டீஸ் எல்லாம் அதில்தான்.

வட்ட முனை என்றால் சாதாரண எழுத்தை எடுத்து முனையை மட்டும் சீவிவிடுவது என்று நினைத்துவிடாதீர்கள். வெட்டு முனையும் அரைவட்ட முனையும் ஒரே உயரத்தில் முடிந்தால் அரைவட்டம் குட்டையாகத் தெரியும், நுனியில் மை குறைவு என்பதால் கண் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் கோட்டைக் கொஞ்சம் நீட்டிவிட வேண்டும். தடிமன் கூடக் கூட முனையின் அரைவட்டமும் பெரிதாகிக்கொண்டே போகும், கறுப்பு எடையில் (எடை என்றால் எழுத்தின் தடிமன், கறுப்பு என்றால் மிகத் தடித்தது) சிறிய குறுக்குக்கோடெல்லாம் வெறும் உருண்டையாகிவிடும். மெல்லிய எடையில் நேர்மாறு, முனை வட்டமா சதுரமா என்றே தெரியாது, வளைத்த கம்பியாக நிற்கும். ஆகவே வட்ட முனை தன் குணத்தைக் காட்டுவது நடுத்தர எடையிலிருந்து சற்றுத் தடித்த எடை வரைதான், அதுவும் பெரிய அளவில். பத்துப் பாயின்ட் அளவுக்குக் கீழே மலிவான தாளில் அடித்தால் மை பரவி, வெட்டு முனை எழுத்தே வட்ட முனையாகத்தான் வரும். அந்த அளவில் வட்ட முனைக்கென்று தேடிப் போவது வீண் வேலை.

இன்னொரு வழியாகவும் இது எங்கள் ஊருக்குள் வந்தது. ஜப்பானிலிருந்து வந்த பழைய கார், பழைய பஸ். 2017-ல் பஸ் வழித்தடங்களை மாற்றிப் புது வண்டிகள் விடுவதற்கு முன்னால் ரங்கூன் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், கதவுக்குப் பக்கத்தில், டிரைவர் தலைக்கு மேல், ஜன்னல் கண்ணாடியில் எல்லாம் ஜப்பானிய எழுத்து அப்படியே ஒட்டியிருக்கும், யாரும் கிழித்துப் போட்டதில்லை. அதில் நிறைய மாரு கோதிக் என்ற வகை, வட்ட முனைதான். ஜப்பானில் சாலைப் பலகைகளிலேயே அந்த வகை எழுத்து உண்டு, அங்கே அதைக் குழந்தைத்தனம் என்று யாரும் ஒதுக்குவதில்லை. படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த மழுங்கலான தெளிவு எங்கள் கண்ணுக்குப் பழகிப்போய்விட்டது என்று நினைக்கிறேன். பிறகு 2014-ல் வெளிநாட்டு டெலிபோன் கம்பெனிகள் வந்து சிம் கார்டு 1,500 சாட்டுக்கு (எங்கள் ஊர்ப் பணம்) கிடைக்க ஆரம்பித்தபோது அதில் ஒரு கம்பெனியான ஊரெடூவின் சிவப்பு வட்டங்கள் பெட்டிக்கடை வரை வந்து ஒட்டிக்கொண்டன. அதைப் பார்த்த சின்னக் கடைக்காரர்களுக்கெல்லாம் வட்டமாக இருந்தால்தான் புதுசு என்று ஆகிவிட்டது.

சரி, பர்மிய எழுத்துக்கு வருவோம். அது பிறவியிலேயே உருண்டை. அதில் வ என்பது எங்கும் திறக்காத முழு வட்டம், பூஜ்யமும் அதேதான். ப மேலே திறந்திருக்கும். கங்கை என்று சொல்லும்போது முதலில் வருகிற ஒலிக்கான எழுத்து கீழே திறந்திருக்கும். ங வலப்பக்கம் திறந்திருக்கும். அதாவது வட்டத்தில் இடைவெளி எந்தப் பக்கம் விழுகிறது என்பதுதான் எழுத்தே. இப்போது ஒரு பையன் ஆங்கிலத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று பர்மிய எழுத்தின் கோட்டுக்கு ரவுண்டு கேப் போடுகிறான் என்று வையுங்கள். ரவுண்டு கேப் கோட்டின் முடிவிலிருந்து வெளியே பாதித் தடிமன் அளவுக்குத் துருத்திக்கொண்டு வரும். இரண்டு பக்கமும் அப்படி வந்தால் இடைவெளியில் ஒரு முழுத் தடிமன் காணாமல் போகும். தடித்த எழுத்தில் அப்படிச் செய்து, பேனரை நடைமேம்பாலத்திலிருந்து பார்த்தால் ப என்பது வ ஆகிவிட்டிருக்கும். இடைவெளியை முதலிலேயே அகலமாக வரைந்துவிட்டு அப்புறம் முனையை உருட்ட வேண்டும், வேறு வழி இல்லை.

பர்மிய எழுத்து ஏன் உருண்டை என்று கேட்டால் எல்லாரும் சொல்வது பனையோலைக் கதை. ஓலையில் எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் நரம்போடு கிழியும், அதனால் வளைத்து வளைத்து எழுதினார்கள் என்று. பகானில் உள்ள 12-ஆம் நூற்றாண்டு மியசேதி கல்வெட்டில் எழுத்து இவ்வளவு உருண்டையாக இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். எனக்கு இதில் ஒரு பாதிதான் சம்மதம். நாமும்தான் ஓலையில் எழுதினோம், நூற்றாண்டுக் கணக்கில் எழுதினோம், புள்ளிகூட வைக்காமல் எழுதினோம், ஆனால் நம்முடைய ட எப்படி மூலையோடு தப்பித்தது? ஓலை கொஞ்சம் தள்ளியிருக்கலாம், மிச்சம் கையின் பழக்கம், கண்ணின் ருசி. அதே பர்மாவில் மடாலங்களில் துறவு சாத்திரங்களை அரக்குப் பூசிய ஏடுகளில் தடித்த சதுர எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், அதற்குப் புளியங்கொட்டை எழுத்து என்று பெயர். பார்த்தால் அச்சு அசல் புளியங்கொட்டைதான். ஆக, பர்மியர்களுக்கும் சதுரம் தெரியும், எங்கே வேண்டுமோ அங்கே வைத்துக்கொண்டார்கள், மரியாதைக்குரிய இடத்தில்.

இப்போது தமிழுக்கு வாருங்கள். ப என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் ஒரு நிமிர்ந்த கோடு, கீழே படுக்கைக்கோடு, வலது பக்கம் மறுபடி நிமிர்ந்த கோடு. முனை இரண்டு, மூலை இரண்டு. முனை இரண்டையும் உருட்டுங்கள், எழுத்து மிருதுவாகும், ப இன்னும் ப-தான். இப்போது மூலை இரண்டையும் உருட்டுங்கள். மேலே திறந்த உருண்டை, அதாவது பர்மிய ப. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, இரண்டுக்கும் மூலம் ஒரே பிராமி எழுத்து, ஒருவர் மூலையை வைத்துக்கொண்டோம், ஒருவர் வளைத்துக்கொண்டார்கள். ய-வும் அப்படித்தான், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்று தெரிந்துவிடும். ல கிட்டத்தட்ட அதே கதை. கேப், ஜாயின் இரண்டையும் ரவுண்டு என்று போட்டுவிடுகிறவன் தன்னை அறியாமல் தமிழைப் பர்மியத்தின் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறான். சென்னையிலோ மதுரையிலோ இருப்பவருக்கு இது ஒரு பொருட்டாகத் தோன்றாது, அங்கே பக்கத்தில் பர்மிய வரி கிடையாது. எங்கள் பேனரில் இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கின்றன.

கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கிறது. வருகிற பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் முதலில் பர்மியம்தான் படிக்கிறார்கள், தமிழ் எழுத்து இரண்டாவதாகத்தான் கண்ணுக்கு வருகிறது. யாரோ போனில் ஒரு ஆப் வைத்துச் செய்து, கலர் கலராக அடித்துக் கொடுத்த எழுத்து அட்டைகள் அங்கே சுவரில் இருந்தன. மூலையெல்லாம் வழுவழுவென்று இருந்தது. ஒரு சின்னப் பெண் ப அட்டையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இது பர்மா எழுத்தா, நம்ம எழுத்தா?" என்று கேட்டாள். இரண்டுக்கும் ஒலி ஒன்று, அதனால் பாதகமில்லை. ஆனால் ட அட்டையைக் காட்டியபோது அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை, உதட்டைப் பிதுக்கினாள். ட-வில் இருப்பதே ஒரு மூலைதான். அதையும் எடுத்துவிட்டால் அங்கே என்ன மிச்சம், ஒரு வளைந்த கோடு. நான் அடுத்த வாரம் மூலையை விட்டுவிட்டு முனையை மட்டும் உருட்டிய அட்டைகளை அடித்துக்கொண்டு போனேன், பிள்ளைகளுக்குப் பிடித்த அந்தக் குண்டுத்தனமும் போகவில்லை, ட-வும் தெரிந்தது. சின்னப் பிள்ளைகளின் எழுத்து அட்டைக்கு இந்த வகை நன்றாகவே பொருந்துகிறது, கிரேயான் பிடித்து எழுதினால் வருகிற கோட்டுக்கும் இதற்கும் தூரம் குறைவு, பார்த்து எழுதுவது அவர்களுக்கு லேசாக இருக்கிறது.

மூலையோடு பிரச்சினை முடிந்துவிடவில்லை, சுழி என்று ஒன்று இருக்கிறதே. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன, இரண்டையும் பிரிப்பது சுழிக் கணக்கு. தடித்த வட்ட முனையில் சுழிக்கு உள்ளே இருக்கிற வெள்ளை முதலில் சுருங்கும், அப்புறம் அடைபடும், கடைசியில் எத்தனை சுழி என்று எண்ணவே முடியாது. எகரக் கொம்புக்கும் ஏகாரக் கொம்புக்கும் மேலே இருக்கிற ஒரு குட்டிச் சுழிதான் வித்தியாசம். "கேட்ட வரம் தருவாள்" என்று அம்மன் பேனரில் போட்டு, அந்தச் சுழி அடைபட்டு, தூரத்திலிருந்து பார்க்கிறவர் "கெட்ட வரம்" என்று படித்தால் எப்படி இருக்கும்? அடுத்தது ர-வும் காலும். ர-வுக்கு அடியில் ஒரு சின்னச் சாய்வு இருக்கிறது, காலுக்கு இல்லை, அவ்வளவுதான். தடிமனான வட்ட முனையில் அந்தச் சாய்வு ஒரு பொட்டாகச் சுருண்டுவிடும். முன்பின் எழுத்தைப் பார்த்து நாமெல்லாம் ஊகித்துப் படித்துவிடுவோம், புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கு ஊகம் எங்கே இருந்து வரும்? புள்ளிக்கு மட்டும் எந்தத் தொல்லையும் இல்லை, அது எப்போதும் வட்டம்தான். ஆனால் கோட்டின் முனையும் புள்ளியும் ஒரே அளவு உருண்டையாக இருந்தால் புள்ளி கோட்டோடு ஒட்டிக்கொண்டு தெரியும், புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கி மேலே தள்ளிவிடுவது நல்லது.

கோயில் என்றதும் ஞாபகம் வருகிறது. திருவிழா பேனருக்குக் கமிட்டியில் உள்ள ஒரு தம்பி தானே டிசைன் செய்து ஃபைல் கொண்டுவந்தார். அம்மன் பேர், தேதி, அன்னதானம் எல்லாமே ஒரே குண்டு எழுத்தில், சுற்றி மஞ்சள் பார்டர். பிரின்ட்டுக்குப் போகிறதுக்கு முன்னால் கமிட்டிப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் போனார்.

"என்னப்பா இது, அம்மன் பேரை இட்லி மாதிரி உப்ப வச்சிருக்க?"

"இப்ப எல்லாரும் இதுதான் போடுறாங்க ஐயா. பாக்க ஃப்ரெண்ட்லியா இருக்கும்."

"ஆத்தா எதுக்குப்பா ஃப்ரெண்ட்லியா இருக்கணும்? தீ மிதிக்கப் போறோம்."

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது. அம்மன் பேரை மட்டும் கூர்மையான பழைய பாணி எழுத்தில் மாற்றினோம், அன்னதானம், குழந்தைகளுக்கான போட்டி, பஸ் புறப்படும் இடம் இவற்றைக் குண்டு எழுத்திலேயே விட்டுவிட்டோம். தம்பிக்கும் சந்தோஷம், பெரியவருக்கும் சந்தோஷம். எனக்கும்தான், ஏனென்றால் அந்தப் பிரிப்பு சரியான பிரிப்பு. வட்ட முனை என்பது "வாங்க, உட்காருங்க" என்று சொல்கிற குரல். சாப்பாடு, விளையாட்டு, உதவி, வழி, விலை என்று மனிதர் மனிதரைக் கூப்பிடுகிற இடத்துக்கு அது சரி. கண்ணீர் அஞ்சலிப் போஸ்டருக்கு வைத்தால் இறந்தவரை யாரோ கேலி செய்கிற மாதிரி ஆகிவிடும். கோர்ட் சம்பந்தப்பட்ட நோட்டீஸ், மருந்து அளவு, பணம் கட்டச் சொல்கிற கடிதம் இதற்கெல்லாமும் வேண்டாம். ஒரு பணம் கட்டும் நோட்டீஸ் கொஞ்சிக் கொஞ்சிப் பேசினால் எனக்குக் கோபம்தான் வரும், செல்போன் ஆப்கள் இப்போது அப்படித்தான் பேசுகின்றன என்பது வேறு விஷயம்.

எழுத்தின் குணத்தை விட்டுவிட்டுப் பொருளைப் பார்த்தால் வட்ட முனைக்கு இன்னொரு மதிப்பு இருக்கிறது, டிசைன் புத்தகங்களில் இது அதிகம் வராது, ஆனால் கடை வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஸ்டிக்கரை பிளாட்டர் என்ற வெட்டும் மெஷினில் வெட்டி ஒட்டுகிறோம், கூர்மையான மூலைதான் முதலில் உரியும். தூசி போய் ஒட்டும், ஈரம் போகும், யாராவது நகத்தால் கிளறுவார்கள். எங்களுக்கு மே மாதம் ஆரம்பிக்கிற மழை அக்டோபர் வரை விடாது, கண்ணாடிக் கதவில் ஒட்டின வெட்டு முனை எழுத்து ஒரு மழைக்காலத்திலேயே காதைத் தூக்கிக்கொண்டு நிற்கும். வட்ட முனை அந்த அளவுக்கு உரியாது. வெட்டும்போதும் கத்தி திடீரென்று திரும்ப வேண்டிய இடம் குறைவு, தேவையில்லாத துண்டுகளை உரித்து எடுக்கிற வேலையும் லேசு, எழுத்தின் நுனி கூடவே கிழிந்து வராது. எல்இடி நியான் என்று ரப்பர் மாதிரி வளைகிற பட்டை வருகிறதே, அதற்கும் வட்ட முனைதான் இயல்பு. அதில் தமிழ் செய்யச் சொன்னால் மட்டும் பட்டையை ட-வின் மூலையில் மடக்க முடியாது, வெட்டி இரண்டு துண்டாக வைக்க வேண்டும். கொஞ்சம் காசு கூடும். நான் கேட்காமலேயே அப்படித்தான் போட்டுக் கொடுக்கிறேன், மூலை இல்லாத ட-வை என் கடைப் பேரில் வெளியே விட மனசு வரவில்லை.

ஸ்கிரீனில் ஒரு எச்சரிக்கை. மலிவான போன்களில், சின்ன அளவில், அரைவட்ட முனைக்குப் போதுமான பிக்சல் கிடையாது, சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். மெனு கார்டின் தலைப்புக்கு வையுங்கள், அயிட்டம் பட்டியலுக்கு வைக்காதீர்கள். அப்புறம் மூன்று மொழியையும் ஒரே பாக்ஸில் போடும்போது வரி இடைவெளியைப் பர்மியத்துக்கு ஏற்ற மாதிரி வையுங்கள், அதில்தான் எழுத்துக்கு அடியில் எழுத்து அடுக்குகிற வழக்கம் இருக்கிறது. தமிழ் அகலத்தைத் தின்னும், பர்மியம் உயரத்தைத் தின்னும், நடுவில் ஆங்கிலம் கோடு போட்ட மாதிரி சமர்த்தாக இருக்கும். மூன்றுக்கும் ஒரே பாயின்ட் அளவு கொடுத்தால் ஒருபோதும் ஒரே அளவாகத் தெரியாது, கண்ணால் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். இதில் ஃபைலைத் திறக்கிற கொடுமை தனி. 2019 அக்டோபர் 1-ல் நாடே சாஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவிலிருந்து யூனிகோடு என்ற பொது முறைக்கு மாறுவதாக அறிவித்தார்கள், இன்னமும் பென் டிரைவில் சாஜி வருகிறது, தமிழ்ப் பக்கத்தில் பாமினி என்ற பழைய எழுத்துரு வருகிறது. இரண்டையும் மாற்றிவிட்டுத்தான் முனை, மூலை பற்றியெல்லாம் யோசிக்கவே முடியும்.

தமிழுக்கு இந்த வகையில் என்ன கிடைக்கிறது என்று அடிக்கடி கேட்கிறார்கள். இலவசமாக என்றால் முதலில் பலூ தம்பி. மும்பை ஏக் டைப் குழுவினர் இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே குணத்தில் செய்த குடும்பம் அது, மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, தமிழுக்குத் தம்பி. தமிழ் எழுத்தை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். முதலில் ஒரே தடித்த எடையில் வந்தது, பலூ தம்பி 2 வந்த பிறகு சாதாரண எடையிலிருந்து மிகத் தடித்தது வரை ஐந்து எடை கிடைக்கிறது. சுத்தமான அரைவட்ட முனை என்று சொல்ல முடியாது, குண்டாக, மழுங்கலாக, கொஞ்சம் குறும்பாக இருக்கும், ஆனால் தமிழ் எழுத்தின் எலும்பை உடைக்கவில்லை, அதுதான் எனக்கு முக்கியம். அடுத்தது காய்னி, பிரேசில்காரர் மார்செலோ மகல்யாயிஸ் செய்தது, ஆங்கிலமும் தமிழும் ஒரே ஃபைலில் வரும், நன்றாக உருண்டிருக்கும். ஒரே எடைதான், பெரிய தலைப்புக்கு மேல் அதை இழுக்க முடியாது. மிட்டாய்க் கடைக்கு அருமை, சர்வீஸ் சென்டருக்கு வேண்டாம்.

இல்லாதது என்னவென்றால், நுனிடோவுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒட்டிப் போகிற மாதிரி, மெல்லிய எடையிலிருந்து நடுத்தர எடை வரை ஒழுங்காக வரைந்த, முனை மட்டும் உருண்ட, மூலை அப்படியே இருக்கிற ஒரு தமிழ்க் குடும்பம். என் கண்ணில் இன்னும் பட்டதில்லை. அதனால் இப்போதைக்கு நான் செய்வது, மூலை நன்றாகத் தெரிகிற சாதாரணத் தமிழ் எழுத்துரு ஒன்றை எடுத்து, தலைப்புக்குத் தேவையான ஏழெட்டு எழுத்தை மட்டும் கையால் முனை உருட்டிக்கொள்வது. யாராவது அப்படி ஒரு குடும்பத்தை வரைய உட்கார்ந்தால், அனுப்புங்கள், பர்மிய வரிக்குக் கீழே வைத்துப் பேனராக அடித்தே பார்த்துவிடலாம். நான் முதலில் தட்டிப் பார்க்கப் போவது ட, ப, ய, பிறகு ர-வையும் காலையும் பக்கத்தில் பக்கத்தில், அப்புறம் கெட்ட, கேட்ட. தடித்த எடையில் இந்த ஐந்தாறு தேறிவிட்டால் மீதி எழுத்துகளைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. ஔ-வைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், எங்கள் ஊர்க் கடைப் பேர்களில் அது வருகிறதே இல்லை.